அசைவால் ஆடும் கிரிக்கெட் வீடியோ கேமை வடிவமைப்பது எப்படி?

அசைவால் ஆடும் கிரிக்கெட் கேம் ஒன்றை உருவாக்க முனைபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எதை ஆட்டக்காரரின் கையிடம் விடுவது, எதைக் கணினியே பார்த்துக்கொள்வது என்ற பங்கீடு. படங்களின் அழகு, அணிகளின் பட்டியல், மைதானங்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். மட்டை எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, எந்தக் கணத்தில் வீசப்படுகிறது என்ற இரண்டையும் ஆட்டக்காரரிடமிருந்து நேர்மையாக வாங்கிக்கொள்ள வேண்டும். மட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கணினி தீர்மானிக்க வேண்டும். இந்தப் பங்கீட்டைத் தலைகீழாகச் செய்த கேம்களில் ஆட்டக்காரர் எப்படி வீசினாலும் ஒரே ஷாட் வருகிறது, அல்லது சரியாக வீசியும் பந்து மட்டையில் படுவதில்லை.

ஏன் இடத்தைக் கையிடம் விடக்கூடாது என்பதற்குக் காரணம் சென்சார்களின் இயல்பில் இருக்கிறது. இன்றைய பல கன்ட்ரோலர்களிலும் திறன்பேசிகளிலும் மூன்று அச்சுகளில் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியும், மூன்று அச்சுகளில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பும் இருக்கின்றன. முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் (நேரத்தோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டே போனால்) வேகமும், இரண்டாம் முறை தொகையிட்டால் இடமும் கிடைக்கும் என்று பாடநூல் சொல்லும். ஆனால் முடுக்கமானி புவியீர்ப்பையும் சேர்த்தே அளக்கிறது. அதைக் கழிக்கும்போது சாய்வுக் கணக்கில் 1 பாகை பிசகினாலும் வினாடிக்கு வினாடி 0.17 மீட்டர் அளவுக்குப் பொய்யான முடுக்கம் ஒன்று உள்ளே நுழைந்துவிடும். இரண்டே வினாடிகளில் அது 34 செ.மீ. இடப்பிழையாக வளர்கிறது. கிரிக்கெட் விதிப்படி மட்டையின் அகலம் 10.8 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பதை நினைத்தால், மூன்று மட்டைகளின் அகலத்துக்குக் கணக்கு தவறியிருப்பது தெரியும். கோணத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கைரோஸ்கோப்பின் அளவீட்டை ஒரே ஒருமுறை தொகையிட்டால் போதும் என்பதால், சில வினாடிகளுக்கு அது நம்பகமாகவே இருக்கும்.

கைரோஸ்கோப் இல்லாமல் முடுக்கமானியை மட்டும் வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைப்பவர்கள் நின்டெண்டோ வீ கருவியின் வரலாற்றைப் பார்க்கலாம். 2006-இல் வந்த அதன் ரிமோட்டில் முடுக்கமானியும் திரையைச் சுட்டுவதற்கான அகச்சிவப்புக் கேமராவும் மட்டுமே இருந்தன. வீச்சு நடந்தது என்பதை அதனால் சொல்ல முடிந்ததே தவிர, வேகமான வீச்சின் நடுவே கருவி எப்படித் திரும்பியிருந்தது என்பதைச் சொல்ல முடியவில்லை. 2009-இல் மோஷன்பிளஸ் என்ற துணைக்கருவி வழியாக கைரோஸ்கோப்பைச் சேர்த்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. அளவு வரம்பையும் கவனிக்க வேண்டும். கை 60 செ.மீ. ஆரத்தில் வினாடிக்கு 15 ரேடியன் வேகத்தில் சுழன்றால் மையநோக்கு முடுக்கம் மட்டுமே ஏறக்குறைய 14 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 14 மடங்கு) ஆகிவிடும். 3 ஜி வரை மட்டும் அளக்கும் சென்சார் அந்த வீச்சின் பெரும்பகுதியில் உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். மெதுவான வீச்சுக்கும் பலமான வீச்சுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். ஆகவே வீச்சின் வலிமையை முடுக்கத்திலிருந்து எடுக்காமல் சுழற்சி வேகத்திலிருந்து எடுப்பதே நல்லது.

கேமரா வழியாக உடலைப் பின்தொடரும் முறை கேட்பதற்குக் கவர்ச்சியாக இருந்தாலும் பேட்டிங்குக்கு அது பொருந்துவதில்லை. 2010-இல் வந்த கினெக்ட் என்ற மைக்ரோசாஃப்டின் கேமராக் கருவி வினாடிக்கு 30 படங்கள் எடுத்தது. நுனியில் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் மட்டை ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 80 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். அதைவிடப் பெரிய இடையூறு கிரிக்கெட்டுக்கே உரியது: மட்டையாளர் திரைக்குத் தோளைக் காட்டிப் பக்கவாட்டில் நிற்கிறார், ஒரு கை மறு கையை மறைக்க, எலும்புக்கூட்டைக் கண்டறியும் மென்பொருள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது. கேமராவை ஃபீல்டிங்குக்கும் கால் நகர்வுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கார்டு (guard) எடுப்பதையே அளவு சரிசெய்தலாக மாற்றுங்கள்

கைரோஸ்கோப் சில வினாடிகளுக்கு நம்பகமானது என்று சொன்னேன். அதன் பிறகு சிறு பிழைகள் சேர்ந்து கோணம் மெல்ல நகரத் தொடங்கும். மேல்-கீழ்ச் சாய்வைப் புவியீர்ப்பின் திசையை வைத்துத் திருத்திவிடலாம். மட்விக் வடிகட்டி, கால்மன் வடிகட்டி போன்ற கணக்கு முறைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இடம்-வலம் திரும்புதலைப் புவியீர்ப்பு காட்டிக்கொடுக்காது. திசைகாட்டி போல வேலை செய்யும் காந்தமானியோ மின்சாதனங்களுக்கு அருகில் தடுமாறும். வேறு பல விளையாட்டுகளில் தலைவலியாகும் இந்த இடத்தில்தான் கிரிக்கெட் நமக்கு உதவுகிறது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டையாளர் மட்டையின் நுனியைத் தரையில் ஊன்றி, அசையாமல், பந்துவீச்சாளரைப் பார்த்து நிற்கிறார். கன்ட்ரோலர் கீழ்நோக்கி, ஏறக்குறைய ஒரு வினாடி அசைவின்றி இருந்தால் அந்த நிலையைக் கார்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது கைரோஸ்கோப் காட்டும் சிறு அளவு முழுவதும் பிழையே என்பதால் அதைக் கழித்துவிட்டு, மட்டையின் முகம் திரையை நோக்கியிருப்பதாக வைத்து முன்திசையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கார்டு எடுத்த பின்புதான் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்க வேண்டும். ‘கருவியைச் சமதளத்தில் வைக்கவும்’ என்ற அறிவிப்பு ஆட்டத்தின் நடுவே ஒருமுறைகூடத் தேவைப்படாது. ஆட்டக்காரருக்கோ தான் ஏதோ சரிசெய்கிறோம் என்ற எண்ணமே வராது.

கோணங்களைச் சேமிக்க எக்ஸ், ஒய், இசட் என மூன்று தனித்தனிக் கோணங்களைப் பயன்படுத்தாமல், திருப்பத்தை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியன்களைப் பயன்படுத்துங்கள். மட்டை நேர் மேலாகவும் நேர் கீழாகவும் வருவது இந்த ஆட்டத்தில் அன்றாட நிகழ்வு. சரியாக அந்த நிலைகளில்தான் மூன்று கோண முறை குழம்பிப்போகும்.

ஷாட்டை அடையாளம் காணாதீர்கள்

வீச்சு முடிந்ததும் அது டிரைவா, புல்லா, கட்டா என்று ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு, பொருத்தமான அசைபடத்தை ஓட்டுவது பலரும் முதலில் நாடும் வழி. எனக்கு இதில் உடன்பாடில்லை. வீச்சு முடியும் வரை காத்திருக்க வேண்டியிருப்பது ஒரு குறை. பட்டியலில் இல்லாத வீச்சுக்கு இடமில்லாதது இன்னொன்று. அடிப்படையான குறை, சென்சார் பார்வையில் சில ஷாட்கள் ஒன்றேதான் என்பது. வலக்கை மட்டையாளரை மேலிருந்து பார்த்தால், கட் ஷாட்டிலும் புல் ஷாட்டிலும் மட்டை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுழல்கிறது. பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, உடலுக்கு நேராக வந்த பின் தாமதமாகச் சந்தித்தால் அது பாயின்ட் பக்கம் போகிறது. உடலுக்கு முன்னால் முந்திச் சந்தித்தால் மிட்விக்கெட் பக்கம் போகிறது. வேறுபாடு வீச்சில் இருப்பதைவிடச் சந்திக்கும் கணத்திலும் பந்தின் லைனிலும் இருக்கிறது. வகைப்படுத்தும் நிரல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் வீச்சின் வடிவத்தை மட்டும் பார்த்தால் இங்கே திணறும்.

மாறாக, பந்து வந்து சேரும் கணத்தில் மட்டையின் முகம் எந்தத் திசையில் இருந்தது, எந்த அச்சைச் சுற்றி, எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்பவற்றை மட்டும் எடுத்து, பந்து எங்கே போக வேண்டும் என்பதைக் கணக்கிடுங்கள். சுழல் அச்சு தரைக்குக் கிடையாக இருந்தால் அது நேர்மட்டை ஷாட். அச்சு செங்குத்தாக இருந்தால் குறுக்குமட்டை ஷாட். நேர்மட்டையில் முந்தி அடித்தால் மட்டையின் முகம் மேல்நோக்கித் திரும்பியிருக்கும், பந்து தூக்கி அடிக்கப்படும். பிந்தி அடித்தால் முகம் கீழ்நோக்கியிருக்கும், பந்து தரையோடு போகும். சுழற்சி எதிர்த்திசைக்கு மாறினால் அது ரிவர்ஸ் ஸ்வீப் வகை. இத்தனையும் தனி விதிகள் எழுதாமல் ஒரே கணக்கிலிருந்து விளைகின்றன. ஷாட்டின் பெயரைத் திரையில் காட்ட விரும்பினால், பந்து போன பிறகு பெயரிட்டுக்கொள்ளலாம்.

இப்போது கணினியின் பங்குக்கு வருவோம். பந்து லெக் ஸ்டம்பில் வந்தாலும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்தாலும் மட்டையை அந்த லைனுக்குக் கொண்டுபோவதும், லென்த்தைப் பார்த்து முன்காலிலோ பின்காலிலோ ஆட வைப்பதும் கணினியின் வேலை. ஆனால் இந்த உதவிக்கு எல்லை இருக்க வேண்டும். ஒரு அடிக்கு மேல் வெளியே போகும் பந்தை நோக்கிக் கணினி மட்டையை இழுத்துச் செல்லத் தொடங்கினால், ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று அறிந்து ஆடும் திறமைக்கு வேலையே இல்லாமல் போய்விடும். அகலமான பந்தை நேர்மட்டையால் துரத்தினால் விளிம்பில் பட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு, பந்து வெளிவரும் கணத்தில் உடலை முன்னே அல்லது பின்னே சாய்த்துக் கால் நகர்வைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைத் தனி நிலையாகத் தரலாம்.

அரை வினாடியைப் பங்கிடுவது

இரண்டு பாப்பிங் கிரீஸ்களுக்கும் (விக்கெட்டுகளுக்கு முன்னால் உள்ள கோடுகளுக்கும்) இடையே உள்ள தூரம் 17.68 மீட்டர். மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து அதை ஏறக்குறைய அரை வினாடியில் கடந்துவிடும். இந்த அரை வினாடியில் தொலைக்காட்சி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. படத்தை மெருகேற்றும் தொலைக்காட்சிகளில் தாமதம் 100 மில்லி வினாடியைத் தாண்டுவதும் உண்டு. வயர்லெஸ் இணைப்பும், ஃபிரேம் (திரையில் வரும் அடுத்த படம்) வரும் வரையிலான காத்திருப்பும் இன்னும் சிலவற்றை விழுங்குகின்றன. 100 மில்லி வினாடியில் அந்தப் பந்து ஏறக்குறைய 4 மீட்டர் நகர்ந்திருக்கும். அதாவது ஆட்டக்காரர் தன் கண்ணுக்குத் தெரியும் பந்தைச் சரியாக அடிக்கும்போது, நிரலுக்குள் இருக்கும் பந்து விக்கெட் கீப்பரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

தீர்வின் முதற்பகுதி எளிது. தொடக்கத்தில் ஒரு சிறு பயிற்சி வையுங்கள்: பந்து ஒன்று சீரான தாளத்தில் ஒரு கோட்டைத் தொட, தொடும்போதெல்லாம் ஆட்டக்காரர் கன்ட்ரோலரைத் தட்ட வேண்டும். அவர் சராசரியாக எவ்வளவு பிந்துகிறார் என்பதே அந்த வீட்டின் மொத்தத் தாமதம். இனி கையசைவு வந்து சேரும்போது, அதற்கு அவ்வளவு நேரம் முன்பிருந்த பந்தின் இடத்தோடு அதை ஒப்பிடலாம்.

இரண்டாம் பகுதிதான் கடினம். ஒப்பிட்டு முடிப்பதற்குள் திரையில் பந்து மட்டையைத் தாண்டிவிட்டால் அதைத் திருப்பி இழுக்க முடியாது. அதனால் சந்திப்பை முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. பேக்லிஃப்டிலிருந்து (மட்டையைப் பின்னால் ஓங்கிய நிலையிலிருந்து) இறங்கும் மட்டை 150 பாகையைச் சராசரியாக வினாடிக்கு 800 பாகை வேகத்தில் கடப்பதாகக் கொண்டால், இறங்கத் தொடங்கியதற்கும் பந்தைச் சந்திப்பதற்கும் இடையில் ஏறக்குறைய 190 மில்லி வினாடி கிடைக்கிறது. சுழற்சி வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும், இதே போக்கில் போனால் மட்டையின் முகம் எப்போது நேராகும் என்று கணித்து, சத்தத்தையும் அசைபடத்தையும் அதிர்வையும் அந்தக் கணத்துக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். பாதியில் ஆட்டக்காரர் வீச்சை நிறுத்திவிட்டால், அதை மெல்லத் தட்டிய ஷாட்டாக மாற்றிக்கொள்ளலாம். உண்மையான ஆட்டத்திலும் அதுதானே நடக்கிறது.

நுண்மை எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு. மட்டை வினாடிக்கு 1000 பாகை சுழலும்போது 20 மில்லி வினாடி என்பது 20 பாகை. கவர் பக்கம் போக வேண்டிய பந்து எக்ஸ்ட்ரா கவருக்குப் போகும் அளவு இது. ஆகவே சென்சார் தரவு ஒவ்வொன்றையும் அது அளக்கப்பட்ட நேரத்தோடு சேமிக்க வேண்டும். ஃபிரேம் வரும்போது கடைசியாக இருந்த மதிப்பை எடுத்துக்கொள்வது போதாது. மோதலைக் கண்டறிவதிலும் இதே எச்சரிக்கை தேவை. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் நிரலில் வேகப் பந்து ஒரு ஃபிரேமுக்கு 60 செ.மீ.க்கு மேல் தாவுகிறது, பந்தின் விட்டமோ ஏறக்குறைய 7 செ.மீ. ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் சோதித்தால் பந்து மட்டைக்குள்ளேயே புகுந்து வெளியே போய்விடும். இரண்டு ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட பாதை முழுவதையும் சோதிக்கும் முறையைக் கையாளுங்கள்.

தொடக்கநிலை ஆட்டக்காரர்களுக்குப் பந்தின் பயணத்தை முக்கால் வினாடி வரை நீட்டிவிடுங்கள். மட்டையைக் கண்ணுக்குத் தெரியாமல் அகலமாக்குவதைவிட இது நல்ல உதவி. திரையின் தாமதம் திருடிக்கொண்ட நேரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதில் குற்றவுணர்வு தேவையில்லை.

அந்த நேரத்தில் ஆட்டக்காரர் எதைப் பார்க்கிறார் என்பதும் வடிவமைப்பைச் சேர்ந்தது. மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மட்டையாளரின் கண் பந்து கையை விட்டு வெளிவருவதைப் பார்த்துவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி, குத்திய பின் மீண்டும் பந்தைத் தொடர்வதைக் காட்டினார்கள். தட்டையான திரையில் ஆழம் தெரியாது என்பதால், இந்த இரண்டு இடங்களையும் நாம்தான் தெளிவாக்க வேண்டும். பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால் சலசலப்பு இல்லாத பின்புலமும், பந்துக்குக் கீழே தரையில் அடர்ந்த நிழலும் வையுங்கள். நிழலும் பந்தும் நெருங்கி வருவதைப் பார்த்தே லென்த்தைக் கணித்துவிடலாம். குத்துமிடத்தில் வட்டக்குறி போட்டுக்காட்டுவது பயிற்சி நிலையில் மட்டும் இருக்கட்டும். எப்போதும் இருந்தால் ஆட்டக்காரர் பந்துவீச்சாளரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

வீசாமல் இருப்பதற்கும் மதிப்பு

கண்ணை மூடிக்கொண்டு வீசினாலே சிக்ஸர் வரும் கேம் சீக்கிரம் சலித்துப்போகும். பந்தை விட்டுவிடுவதும், மெல்லத் தடுப்பதும் முழுமையான தேர்வுகளாக இருக்க வேண்டும். மெதுவான சுழற்சி வேகத்தில் மட்டை பந்தைச் சந்தித்தால் பந்து காலடியில் விழட்டும். இறுக்கமாகக் குத்தினால் அது சில்லி பாயின்ட்டில் நிற்பவரிடம் போகட்டும். கணினிப் பந்துவீச்சாளர் தொடர்ந்து இரண்டு மூன்று பந்துகளை வெளியே கொண்டுபோய், பிறகு ஒன்றை உள்ளே கொண்டுவரும்படி ஓவரைத் திட்டமிட வேண்டும்.

மணிக்கட்டை மட்டும் சுண்டி முழு வீச்சின் பலனைப் பெறும் குறுக்குவழியை ஆட்டக்காரர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். வலிமையை உச்ச வேகத்தால் மட்டும் அளந்தால் அதைத் தடுக்க முடியாது. பேக்லிஃப்டிலிருந்து மட்டை கடந்த மொத்தக் கோணத்தையும் கணக்கில் சேருங்கள். அதே சமயம், உட்கார்ந்து ஆடுபவர்களும் தோளை முழுதாக உயர்த்த முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்களின் அதிகபட்ச வீச்சைத் தொடக்கத்தில் அளந்து, அதையே நூறு விழுக்காடாக வைத்துக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். இடக்கை ஆட்டக்காரர்களுக்குக் கணக்கை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் போதும்.

வலிமைக்கு ஒரு மேல்வரம்பும் தேவை. அதற்கு மேல் எவ்வளவு பலமாக வீசினாலும் பந்து கூடுதல் தூரம் போகாது என்று தெரிந்தால் ஆட்டக்காரர் தானாகவே அடங்குவார். வீ ரிமோட் கைகளிலிருந்து பறந்ததால் நின்டெண்டோ 2006 டிசம்பரிலேயே தடித்த மணிக்கட்டுப் பட்டைகளை மாற்றித் தர வேண்டியிருந்தது. மட்டையை இரு கைகளாலும் பிடிப்பவர், பின்னால் ஓங்கி முன்னால் வீசுபவர், எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்வார் என்பதைத் தொடக்கத் திரையிலேயே படம் போட்டுக் காட்டுங்கள். திறன்பேசியை மட்டையாகப் பயன்படுத்தும் கேமாக இருந்தால் இது இன்னும் அவசியம்.

பந்துவீச்சும் மற்றவையும்

பந்துவீச்சில் தோளைச் சுற்றிக் கை முழு வட்டமடிப்பதைக் கைரோஸ்கோப் நன்றாகவே பிடிக்கும். பழக்கமில்லாதவர்கள் கல்லெறிவதைப் போல எறிவார்கள். சுழன்ற மொத்தக் கோணம் முக்கால் வட்டத்துக்குக் குறைவாக இருந்தால் பந்தின் வேகத்தைக் குறைத்துவிடுவது போதும். வீசும்போது முழங்கை எவ்வளவு நிமிர்ந்தது, சர்வதேச ஆட்டத்தின் 15 பாகை வரம்புக்குள் இருந்ததா என்றெல்லாம் கையில் உள்ள ஒற்றைச் சென்சாரால் சொல்ல முடியாது, முயலவும் வேண்டாம். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுழற்றி, விடும் கணத்தில் பந்து வெளியேற வேண்டும்: முந்தி விட்டால் ஃபுல் டாஸ், பிந்தி விட்டால் ஷார்ட் பால். விடும்போது மணிக்கட்டு கடிகாரத் திசையில் திரும்பினால் வலக்கைப் பந்துவீச்சாளருக்கு ஆஃப் ஸ்பின், எதிர்த்திசையில் திரும்பினால் லெக் ஸ்பின். ஓட்டத்தைக் கணினியிடம் விடுங்கள். அறைக்குள் யாரையும் ஓடவிடக் கூடாது.

ரன் ஓடுவதற்குப் பொத்தான் போதும். ஃபீல்டிங்கில் கேட்ச் மட்டும் கைவசம் இருக்கட்டும், மற்றவை தானாக நடக்கட்டும்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்றால், மைதானமும் முகங்களும் இல்லாத வெறும் சாம்பல் நிறத் திரையில், ஒரே லைனில் வரும் ஒரே பந்தோடு தொடங்கலாம். அந்த ஒற்றைப் பந்தை நேராகத் தட்டுவது திருப்தியாக இருக்கும் வரை வேறு எதையும் சேர்க்க வேண்டாம். நடுமட்டையில் பட்டால் 20 மில்லி வினாடிக்குக் குறுகிய ஓர் அதிர்வும் அழுத்தமான மரச்சத்தமும், விளிம்பில் பட்டால் மெல்லிய, சற்று நீண்ட நடுக்கமும் தந்து பாருங்கள். திரையைப் பார்க்காமலே எங்கே பட்டது என்று ஆட்டக்காரரால் சொல்ல முடிய வேண்டும். சோதனைக்கு வருபவர்கள் ஒவ்வொருவரின் சென்சார் தரவையும் நேரக்குறியோடு கோப்பில் பதிவு செய்துவிடுங்கள். கணிப்பு நிரலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அதே பழைய வீச்சுகளை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். கிரிக்கெட் ஆடிப் பழகியவர்களையும், மட்டையையே பிடிக்காதவர்களையும் சேர்த்தே அழையுங்கள்: முதல் வகையினர் பேக்லிஃப்டை முன்கூட்டியே எடுத்துக் காத்திருப்பார்கள், மற்றவர்கள் பந்து குத்திய பிறகுதான் கையைத் தூக்குவார்கள். வீச்சு தொடங்கியதைக் கண்டறியும் வரம்பு இந்த இருவருக்கும் பொருந்தும் வரை அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.